சூப்பர்ஹீரோக்களையும் வில்லன்களையும் படைத்தவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சினிமா பார்த்துவிட்டு அமெரிக்க காமிக்ஸ் பக்கம் வருகிறவர்கள் பலரும் ஒரே மாதிரி சில கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பாத்திரங்களின் பெயர் உலகத்துக்கே தெரியும். அவற்றை எழுதியவர், வரைந்தவர் பெயரைக் கேட்டால் பலருக்கு ஸ்டான் லீயைத் தாண்டி ஒன்றும் வராது. அது எனக்கு வருத்தமான விஷயம். அதனால் ஆட்களின் பெயர்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் சூப்பர்ஹீரோ சூப்பர்மேன்தானா?

முகமூடி வீரர்கள் அவனுக்கு முன்பே இருந்தார்கள். மலிவுக் காகிதத்தில் அச்சான பல்ப் இதழ்களில் 1919இல் ஸாரோ வந்துவிட்டான். 1930களின் தொடக்கத்தில் ஷேடோவும் டாக் சாவேஜும் வந்தார்கள். லீ ஃபாக் உருவாக்கிய ஃபாண்டம், 1936 பிப்ரவரியில் செய்தித்தாள் படத்தொடராகத் தொடங்கியது. ராணி காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு 'மாயாவி' என்று அறிமுகமானவர் இவர்தான். உடம்போடு ஒட்டிய உடை, முகமூடிக்குள் கருவிழி தெரியாத வெள்ளைக் கண்கள், இரண்டும் அவரிடமே இருந்தன. ஆனால் அவருக்கு அதிசய சக்தி எதுவும் கிடையாது.

மனிதனுக்கு மீறிய பலம், தனி உடை, யாருக்கும் தெரியாத இன்னொரு வாழ்க்கை. இந்த மூன்றையும் சேர்த்துக்கொண்டு காமிக்ஸ் புத்தகத்தில் வந்து, பின்னால் வந்த எல்லோரும் பின்பற்றும் அச்சாக அமைந்தவன் சூப்பர்மேன். அந்த அர்த்தத்தில் அவன்தான் முதல்.

சூப்பர்மேனை வெறும் 130 டாலருக்கு விற்றுவிட்டார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். க்ளீவ்லாண்ட் நகரில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்த நண்பர்கள் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும். ஒருவர் எழுதுவார், மற்றவர் வரைவார். இருவருமே யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். 1933 ஜனவரியில் தாங்களே நடத்திய சிறு அறிவியல் புனைகதை இதழில் 'சூப்பர்மேன்' என்ற பெயரை முதலில் ஒரு வில்லனுக்குத்தான் வைத்தார்கள். வழுக்கைத் தலை, பிறர் மனதைப் படிக்கும் சக்தி, அதை வைத்து உலகை ஆள ஆசை. பிறகுதான் அதே பெயரை நல்லவனுக்கு மாற்றிக் கதையைப் புதிதாக எழுதினார்கள்.

நாயகனின் நிற்கும் தோரணைக்கு ஊமைப்பட நடிகர் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் முன்மாதிரி. அவன் சாதாரண ஆளாக வாழும் கிளார்க் கென்ட்டின் கண்ணாடிக்கும் கூச்சத்துக்கும் நகைச்சுவை நடிகர் ஹரால்ட் லாய்ட். கதாநாயகி லோயிஸ் லேனுக்கு மாடலாக நின்ற பெண்ணை 1948இல் சீகல் திருமணமே செய்துகொண்டார்.

செய்தித்தாள் தொடராக விற்கப் பல வருடம் அலைந்தும் யாரும் வாங்கவில்லை. கடைசியில் 'ஆக்ஷன் காமிக்ஸ்' என்ற புதிய இதழுக்குக் கதை தேவைப்பட்டது. செய்தித்தாளுக்காக வரைந்த கட்டங்களை வெட்டி ஒட்டி 13 பக்கமாக மாற்றினார்கள். பக்கத்துக்கு 10 டாலர். அந்த 130 டாலர் காசோலையோடு எல்லா உரிமையும் பதிப்பாளருக்குப் போனது. இருவருக்கும் அப்போது 23 வயது. அட்டையில் 1938 ஜூன் என்று போட்டிருந்த முதல் இதழின் விலை 10 சென்ட். அதே இதழின் ஒரு பிரதி 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

சீகலுக்கும் ஷஸ்டருக்கும் பின்னாளிலாவது நியாயம் கிடைத்ததா?

பாதி கிடைத்தது, அதுவும் மிகத் தாமதமாக. சூப்பர்மேன் இதழ் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றபோது அவர்களுக்கு வேலைக்கான கூலி வந்தது, உரிமை வரவில்லை. 1947இல் வழக்குப் போட்டார்கள். மறுவருடம் சுமார் 94,000 டாலருக்குச் சமரசமானது. அதன் பிறகு இதழில் அவர்கள் பெயரே எடுக்கப்பட்டுவிட்டது.

1975இல் நிலைமை எப்படி இருந்தது என்றால், சூப்பர்மேனைப் பெரிய பட்ஜெட்டில் படமாக எடுக்கத் திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. சீகல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. ஷஸ்டருக்குக் கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டது, சகோதரர் வீட்டில் இருக்கிறார். சீகல் தன் கோபத்தையெல்லாம் கொட்டி நீண்ட அறிக்கை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். ஓவியர்கள் நீல் ஆடம்ஸும் ஜெர்ரி ராபின்சனும் அதைக் கையிலெடுத்துப் போராடினார்கள். அந்த டிசம்பரில், பதிப்பகத்தை அப்போது தன்வசம் வைத்திருந்த வார்னர் நிறுவனம் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியம் தரவும், 'படைத்தவர்கள் சீகல், ஷஸ்டர்' என்று பெயர் போடவும் ஒப்புக்கொண்டது. இன்று சூப்பர்மேன் படங்களில் அந்த வரி வருகிறதென்றால் அது சும்மா வந்ததில்லை.

சீகலின் அப்பா சுடப்பட்டதால்தான் குண்டு துளைக்காத நாயகன் பிறந்தானாமே?

இணையத்தில் சுற்றும் கதை. சீகலின் அப்பா 1932இல் தன் பழைய துணிக்கடையில் திருட்டு நடந்தபோது இறந்தார். மரணத்துக்குக் காரணம் மாரடைப்பு. அந்தத் துக்கத்திலிருந்து சூப்பர்மேன் வந்தான் என்பது பிற்காலத்தவர்களின் ஊகம். இருக்கலாம். ஆனால் ஊகத்தை ஊகம் என்றே சொல்ல வேண்டும்.

பேட்மேனைப் படைத்தது பாப் கேன் மட்டுமா?

இல்லவே இல்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் பதில் சொல்வேன்.

சூப்பர்மேன் ஓடத் தொடங்கியதும் அதே மாதிரி இன்னொருவன் வேண்டும் என்றது பதிப்பகம். பாப் கேன் ஒரு படம் வரைந்தார்: சிவப்பு உடை, கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடி, முதுகில் விறைப்பான இரண்டு இறக்கைகள். அதை நண்பர் பில் ஃபிங்கரிடம் காட்டினார். ஃபிங்கர் செருப்புக்கடையில் விற்பனையாளராக இருந்தவர், எழுத்தாளராக ஆசைப்பட்டவர். அவர்தான் காதுகள் நீண்ட முகக்கவசம் வை என்றார். இறக்கை வேண்டாம், விளிம்பு வளைந்த அங்கி போடு என்றார். சிவப்பைச் சாம்பலாக்கச் சொன்னார். முகமூடிக்குப் பின்னால் இருப்பவனுக்குப் புரூஸ் வேய்ன் என்ற பெயர் அவர் வைத்தது. 1939 மே மாத 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27ஆவது இதழில் வந்த முதல் கதையை எழுதியவரும் அவரே. காத்தம் நகரத்தின் பெயரும் அவர் தொலைபேசிப் புத்தகத்தில் 'காத்தம் ஜுவல்லர்ஸ்' என்ற நகைக்கடைப் பெயரைப் பார்த்து வைத்தது.

இவ்வளவுக்கும் பிறகு ஒப்பந்தத்தில் இருந்தது கேன் பெயர் மட்டும். ஃபிங்கர் 1974இல் பெரிதாக யாருக்கும் தெரியாமல் இறந்தார். கேன் உயிரோடு இருந்தபோது முதலில் மறுத்தார். பின்னர் 1989இல் தன் சுயசரிதையில் ஃபிங்கரின் பங்கை ஓரளவு ஒப்புக்கொண்டார். மார்க் டைலர் நோபல்மன் என்ற எழுத்தாளர் ஃபிங்கரின் பேத்தியைத் தேடிக் கண்டுபிடித்தார். குடும்பமும் வாசகர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். 2015இல்தான் 'பில் ஃபிங்கருடன் பாப் கேன்' என்று அதிகாரபூர்வமாகப் பெயர் வந்தது. 76 வருடம்! இதைப் படிக்கிறவர்கள் இனி பேட்மேன் பெயரைச் சொன்னால் ஃபிங்கர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ராபின் எதற்கு?

பேட்மேன் தனியாகவே இருந்ததால் அவன் யோசிப்பதை வாசகருக்குச் சொல்ல வழியில்லை, பேச்சுத்துணைக்கு ஒருவன் தேவைப்பட்டான் என்று ஃபிங்கர் விளக்கியிருக்கிறார். 1940இல் சிறுவன் ராபின் வந்ததும் விற்பனை ஏறக்குறைய இரட்டிப்பானது. உடனே மற்றப் பதிப்பகங்களும் ஆளுக்கொரு சிறுவனைச் சேர்த்துக்கொண்டன.

ஜோக்கரை யார் உருவாக்கினார்கள்?

இதில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். 17 வயதிலேயே கேனிடம் உதவி ஓவியராகச் சேர்ந்த ஜெர்ரி ராபின்சன், சீட்டுக்கட்டின் ஜோக்கர் படத்திலிருந்து தானே யோசித்து வரைந்ததாகச் சொன்னார். கேன் அதை மறுத்தார். ஃபிங்கர் 1928ஆம் ஆண்டின் 'தி மேன் ஹூ லாஃப்ஸ்' படத்திலிருந்து நடிகர் கான்ராட் வெய்ட்டின் புகைப்படத்தைக் கொண்டுவந்தார். இதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தப் புகைப்படத்தில் உதடு பிளந்து உறைந்த சிரிப்பைப் பார்த்தால் ஜோக்கரின் முகம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். மூவரின் கையும் அதில் இருக்கிறது என்பது என் முடிவு.

இன்னொரு முக்கியமான விஷயம். 1940இல் வந்த 'பேட்மேன்' முதல் இதழிலேயே ஜோக்கர் இரண்டு கதைகளில் வருகிறான். இரண்டாவதில் அவன் சாவதாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் அதை ஏற்கவில்லை. இப்படி ஒரு வில்லனைக் கொல்வதா என்று, அவன் பிழைத்துக்கொள்வான் என ஒரு கட்டத்தைக் கடைசி நேரத்தில் சேர்க்க வைத்தார். எட்டுப் பத்துப் பக்கத்தில் முடிந்துபோகும் திருடர்களுக்குப் பதில் திரும்பத் திரும்ப வரும் எதிரி என்ற வழக்கம் வேரூன்ற இந்த மாதிரி முடிவுகளே காரணம். கேட்வுமன் அறிமுகமானதும் அதே இதழில்தான், அப்போது அவள் பெயர் வெறும் 'தி கேட்'.

லெக்ஸ் லூதர் ஏன் வழுக்கை?

ஓவியரின் தவறு. 1940இல் அறிமுகமானபோது லூதருக்கு அடர்த்தியான சிவப்புத் தலைமுடி இருந்தது. 1941இல் செய்தித்தாள் தொடரில் வரைந்த உதவி ஓவியர் ஒருவர் அவனை மொட்டைத் தலையாக வரைந்துவிட்டார். சூப்பர்மேனின் முந்தைய எதிரியான அல்ட்ரா ஹியூமனைட் வழுக்கைத் தலையன், அவனோடு குழப்பிக்கொண்டிருக்கலாம். அது பார்க்க நன்றாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

தற்செயலாகச் சேர்ந்தது இது மட்டுமில்லை. சூப்பர்மேன் முதலில் பறக்கவே இல்லை, எட்டில் ஒரு மைல் தூரம் தாவுவான், அவ்வளவுதான். அவன் பலத்தைப் பறிக்கும் கல்லான கிரிப்டோனைட் 1943இல் வானொலி நாடகத்தில் வந்தது. காமிக்ஸுக்கு அது 1949இல்தான் வந்து சேர்ந்தது.

வில்லன்கள் ஏன் பச்சையும் ஊதாவுமாகவே இருக்கிறார்கள்?

நல்ல கவனிப்பு. ஜோக்கர், லூதரின் கவச உடை, கிரீன் காப்ளின், டாக்டர் டூமின் பச்சை அங்கி என்று நீளமாகப் போகும் பட்டியல். அன்றைய காமிக்ஸ் மட்டமான செய்தித்தாள் காகிதத்தில் சில டஜன் நிறங்களை மட்டும் வைத்துப் புள்ளிபுள்ளியாக அச்சானது. பளிச்சென்று தெரியும் சிவப்பு, நீலம், மஞ்சளை நாயகர்கள் எடுத்துக்கொண்டார்கள். எதிரில் நிற்பவன் ஒரே பார்வையில் வேறாகத் தெரிய மிச்சமிருந்த நிறங்கள்தான் வசதி. இது யாரும் எழுதிவைத்த சட்டமில்லை, பழக்கத்தில் வந்தது.

ஹல்க் பச்சையானதும் அச்சகத்தால்தான். 1962இல் முதல் இதழில் அவன் சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் வேறுவேறாக அச்சானதால் அடுத்த இதழிலேயே பச்சைக்கு மாற்றினார்கள்.

வொண்டர் வுமனைப் படைத்தவர் உளவியலாளராமே?

ஆம், வில்லியம் மோல்டன் மார்ஸ்டன். பொய் சொன்னால் ரத்த அழுத்தம் கூடும் என்று ஆராய்ந்து, பொய் கண்டறியும் சோதனைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். வொண்டர் வுமனிடம் இருக்கும், உண்மையைச் சொல்ல வைக்கும் கயிறு எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாயகி பெண்ணாக இருக்கட்டும் என்றவர் மனைவி எலிசபெத். அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த ஒலிவ் பைர்ன் எப்போதும் அணிந்திருந்த வளையல்களே வொண்டர் வுமனின் கைக்காப்புகள். வரைந்தவர் ஹெச். ஜி. பீட்டர். 1941 இறுதியில் முதல் கதை வெளியானது.

மார்ஸ்டன் நோயுற்ற பிறகு, 1944 முதல் பல கதைகளை அவருடைய மாணவி ஜாய் ஹம்மல் எழுதினார். தொடங்கும்போது வயது சுமார் 20. இதழில் அவர் பெயர் வரவில்லை. 2018இல், தொண்ணூறுகளில் இருந்த அவருக்கு, உரிய அங்கீகாரம் பெறாத எழுத்தாளர்களுக்கான விருது கொடுத்தார்கள். அந்த விருதின் பெயர் பில் ஃபிங்கர் விருது.

கேப்டன் அமெரிக்கா போர்ப் பிரசாரத்துக்காக அரசாங்கம் செய்ததா?

இல்லை. ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் சொந்தக் கோபத்தில் செய்தது. ஹிட்லரின் முகத்தில் நாயகன் குத்துவிடும் அட்டையோடு முதல் இதழ் 1940 டிசம்பரில் கடைக்கு வந்தது. அமெரிக்கா போரில் இறங்கியது அதற்கு ஒரு வருடம் கழித்து. அமெரிக்காவிலேயே அப்போது நாஜி ஆதரவாளர்கள் இருந்தார்கள். அலுவலகத்துக்கு மிரட்டல்கள் வந்தன. நியூயார்க் மேயர் லா கார்டியா தானே போன் செய்து போலீஸ் பாதுகாப்பு தருவதாகச் சொன்னார் என்று சைமன் எழுதியிருக்கிறார். கிர்பி பிறகு சிப்பாயாகவே ஐரோப்பா போய்ச் சண்டை போட்டார்.

படைத்தவர்களில் ஏன் இத்தனை பேர் யூதர்களாக இருந்தார்கள்?

கேனின் இயற்பெயர் ராபர்ட் கான். கிர்பி, ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். ஸ்டான் லீ, ஸ்டான்லி லீபர். ஃபிங்கர், சைமன், சீகல், ஷஸ்டர் எல்லோருமே யூதர்கள். விளம்பர நிறுவனங்களும் மதிப்பான பத்திரிகைகளும் அந்தக் காலத்தில் யூத ஓவியர்களைச் சேர்க்கத் தயங்கின. காமிக்ஸ் என்பது யாரும் மதிக்காத புதிய தொழில், வாசலில் யாரும் தடுக்கவில்லை. நியூயார்க்கின் ஏழைத் தெருக்களிலிருந்து பிள்ளைகள் அங்கே போனார்கள். பெயரை மாற்றிக்கொண்ட இளைஞர்கள் இரட்டைப் பெயரோடு வாழும் நாயகர்களை எழுதினார்கள். அதை நினைக்கும்போது எனக்கு அந்தக் கதைகள் வேறு மாதிரி தெரிகின்றன.

1950களில் ஏன் பெரும்பாலான சூப்பர்ஹீரோக்கள் காணாமல் போனார்கள்?

போர் முடிந்ததும் ஆர்வம் குறைந்தது. குற்றம், திகில், காதல் காமிக்ஸ் முன்னுக்கு வந்தன. 1954இல் மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்த்தம், காமிக்ஸ்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புத்தகம் எழுதினார். செனட் விசாரணை நடந்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் தாங்களே தணிக்கை விதிகளை எழுதிக்கொண்டார்கள். குற்றவாளி மேல் அனுதாபம் வரக் கூடாது, நல்லதே ஜெயிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. வில்லன்களின் பல்லைப் பிடுங்கிவிட்ட காலம் அது. 1956இல் பழைய நாயகன் ஃப்ளாஷ் புது வடிவில் வந்த பிறகுதான் சூப்பர்ஹீரோக்கள் மீண்டும் தலையெடுத்தார்கள்.

ஸ்பைடர்மேனைப் படைத்தது ஸ்டான் லீயா, ஸ்டீவ் டிட்கோவா?

இருவரும்தான். ஏன் சண்டை வந்தது என்று புரிய, மார்வெலில் அப்போது வேலை நடந்த முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். லீ ஒருவரே மாதம் பல இதழ்களுக்கு எழுத வேண்டியிருந்தது. அதனால் முழு ஸ்கிரிப்ட் கொடுக்க மாட்டார். கதையை ஒரு பக்கத்திலோ ஒரு பேச்சிலோ சொல்வார். ஓவியர் அதை இருபது பக்கமாக விரித்து, எந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறது என்று முடிவுசெய்து வரைவார். லீ திரும்ப வாங்கி வசன பலூன்களை நிரப்புவார். அப்படியானால் கதாசிரியர் யார்? இதழில் 'எழுதியவர் ஸ்டான் லீ' என்று இருக்கும். எழுத்துக்கான பணமும் அவருக்கே.

ஸ்பைடர்மேனை முதலில் வரைய ஆரம்பித்தவர் கிர்பி. அது லீக்குப் பிடிக்கவில்லை, டிட்கோவிடம் கொடுத்தார். முகம் முழுக்க மூடிய முகமூடி, மணிக்கட்டில் வலை வீசும் கருவி, ஒல்லியான உடம்பு எல்லாம் டிட்கோ வடிவமைத்தவை. பீட்டர் பார்க்கரின் ஓயாத பேச்சும் புலம்பலும் லீயின் வசனம். 1962இல் வந்த அந்த முதல் கதையின் கடைசிக் கட்டத்தில்தான் சக்தியும் பொறுப்பும் பற்றிய புகழ்பெற்ற வரி இருக்கிறது. பென் மாமா அதைச் சொல்லவில்லை, கதைசொல்லியின் பெட்டியில் வருகிறது. டிட்கோ 1966இல் மார்வெலை விட்டு விலகினார். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுதும் பேட்டி கொடுப்பதைத் தவிர்த்தார்.

வில்லன்களிலும் இதே கதைதான். கேலக்டஸ் என்ற கிரகங்களைத் தின்னும் பிரம்மாண்டமான பாத்திரத்தை லீயும் கிர்பியும் பேசி முடித்தார்கள். பக்கங்கள் வந்தபோது, அலைப்பலகையில் விண்வெளியில் மிதக்கும் ஒரு வெள்ளி மனிதனையும் லீ அதில் பார்த்தார். இவ்வளவு பெரிய ஆளுக்கு ஒரு தூதன் வேண்டாமா என்று கிர்பி தானாகவே சேர்த்தது. சில்வர் சர்ஃபர் அப்படித்தான் பிறந்தான். லீ இதைப் பல இடங்களில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார், அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும்.

லீ வெறும் விளம்பரக்காரர் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் குரல் இல்லாமல் மார்வெல் இல்லை. ஆனால் கிர்பிக்கு நடந்தது அநியாயம். பத்தாயிரத்துக்கு மேல் பக்கங்கள் வரைந்தவர், தன் மூல ஓவியங்களைத் திரும்பப் பெறவே 1980களில் வருடக்கணக்கில் போராடி ஏறக்குறைய 2,000 பக்கங்களை மட்டும் பெற்றார். உரிமை வழக்கில் அவர் வாரிசுகளோடு சமரசம் ஏற்பட்டது 2014இல். அவர் 1994இலேயே இறந்துவிட்டார்.

மேக்னீட்டோ ஆரம்பத்திலிருந்தே இப்படி ஆழமான வில்லனா?

இல்லை. 1963இல் லீயும் கிர்பியும் 'எக்ஸ்-மென்' இதழில் அறிமுகப்படுத்தியபோது கத்திக்கொண்டே உலகை ஆள நினைக்கும் சாதாரண வில்லன்தான். 1981இல் எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட் அவனை ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் குடும்பத்தை இழந்தவனாக ஆக்கினார். அதன் பிறகு அவன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது என்று வாசகர் யோசிக்க வேண்டிய நிலை வந்தது. ஒரு பாத்திரம் பிறந்து 18 வருடம் கழித்துக்கூட இன்னொருவர் கையில் புதிதாகப் பிறக்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் இதுதான்.

இரும்புக்கை மாயாவி இந்தக் குடும்பமா?

இல்லை, அவர் பிரிட்டிஷ்காரர். 1962இல் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கிய தொடர். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தது.

சூப்பர்மேனை வைத்து நான் கதை எழுதலாமா?

இப்போது வெளியிட முடியாது. அமெரிக்கச் சட்டப்படி அந்தக் காலத்துப் படைப்புகளுக்கு 95 வருடம் காப்புரிமை. 2034 ஜனவரி 1 அன்று ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழ் அங்கே காப்புரிமையிலிருந்து விடுபட்டு, யாரும் பயன்படுத்தலாம் என்றாகும். பேட்மேனின் முதல் கதை அதற்கு அடுத்த வருடம். ஆனால் கவனம்: விடுபடுவது அந்த இதழில் உள்ள சூப்பர்மேன் மட்டும். பறப்பது, கிரிப்டோனைட், லூதர் எல்லாம் பின்னால் சேர்ந்தவை, அவற்றுக்கு அந்தந்த வருடக் கணக்கு தனி. பெயர், மார்புச் சின்னம் மீதான வணிகமுத்திரை உரிமையும் நிறுவனத்திடமே இருக்கும். இந்தியாவில் வெளியிடுவதானால் இந்தியச் சட்டத்தின் கணக்கு வேறு, அதற்கு ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.